முனைவர் ஆய்வேடு எதைச் சோதிக்கிறது? கல்வியியல் ஆய்வும் பழவேற்காட்டுப் பிள்ளைகளும்

கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆசிரியர்கள். பள்ளியிலோ கல்வியியல் கல்லூரியிலோ பாடம் நடத்திக்கொண்டே, மாலையிலும் விடுமுறையிலும் ஆய்வைக் கவனிப்பவர்கள். அவர்கள் முடித்துத் தரும் ஆய்வேடு எதற்குச் சான்று? புதிய அறிவைப் படைத்ததற்கா, தொழிலில் முதிர்ந்ததற்கா, நீண்டதொரு நடைமுறையை விடாமல் கடந்ததற்கா? நூறாண்டுக்கு மேலாக இந்த மூன்று விடைகளும் மாறிமாறிச் சொல்லப்பட்டு வருகின்றன. தலைப்புத் தேர்வு முதல் வாய்மொழித் தேர்வு வரை ஒவ்வொரு படியும் எப்படி அமைய வேண்டும் என்பது, இவற்றில் எந்த விடையை ஒரு பல்கலைக்கழகம் ஏற்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த விடைகளைப் பொதுவாகப் பேசினால் எல்லாமே நியாயமாகத் தோன்றும். ஒரு குறிப்பிட்ட களத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரியின் தென்பகுதியும், பசியாவரம் போன்ற அதன் மீனவ ஊர்களும் அதற்கு ஏற்ற களம். நகரத்துக் கல்வியியல் துறைகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், அந்தத் துறைகளின் வழக்கமான ஆய்வுக் கருவிகளுக்குள் எளிதில் அடங்காத வாழ்க்கை அங்கே நடக்கிறது.

இரண்டு பட்டங்களின் வரலாறு

ஆய்வேடு என்றால் புதிய அறிவு என்ற கருத்து 1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்தின் மரபோடு சேர்த்துப் பேசப்படுவது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் பிஎச்.டி. பட்டங்களை வழங்கியது. சுமார் நாற்பதாண்டுகளில் அந்தப் பட்டம் வேலைக்கான நுழைவுச்சீட்டாகிவிட்டதை உளவியலர் வில்லியம் ஜேம்ஸ் 1903இல் ஒரு கட்டுரையில் கடுமையாகக் கேலி செய்தார். பாடம் நடத்தும் திறமைக்கும் பட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டது இன்றும் பழசாகவில்லை.

கல்வியியல் இந்த மரபுக்குள் சற்றுத் தாமதமாக வந்தது. கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி 1890களில் கல்வியியலில் பிஎச்.டி. வழங்கத் தொடங்கியது. ஹார்வர்டு 1920இல் வேறு வழியை எடுத்து, பள்ளி நிர்வாகிகளுக்கும் தொழில்முறைக் கல்வியாளர்களுக்கும் என்று எட்.டி. என்ற தனிப்பட்டத்தை உருவாக்கியது. அறிவைப் படைப்பவருக்கு ஒன்று, அதைப் பள்ளியில் பயன்படுத்துபவருக்கு மற்றொன்று என்பது காகிதத்தில் தெளிவான பிரிவு. நடப்பில் இரண்டு பட்டங்களுக்கும் ஒரே மாதிரி ஆய்வேடுதான் கேட்கப்பட்டது, எட்.டி. ஒரு மாற்றுக் குறைந்த பிஎச்.டி. என்ற பேச்சும் நிலைத்தது.

2005இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் லெவின், பள்ளித் தலைவர்களின் பயிற்சி குறித்த தம் அறிக்கையில் எட்.டி. பட்டத்தையே கைவிடலாம் என்று பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டே லீ ஷுல்மனும் உடன் எழுதியவர்களும் எதிர்த்திசையில் வாதிட்டனர்: பட்டத்தை ஒழிக்க வேண்டாம், அதன் வேலையைத் திருத்தி வரையறுக்க வேண்டும் என்றனர். 2007இல் கார்னகி அறக்கட்டளையின் ஆதரவில் சுமார் 25 நிறுவனங்கள் இதற்காக ஒன்றுசேர்ந்தன. ஆய்வாளர் தம் பணியிடத்திலேயே சந்திக்கும் ஒரு சிக்கலை எடுத்து, ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து எழுதும் ‘நடைமுறை ஆய்வேடு’ என்ற வடிவம் இந்த முயற்சியில் பரவியது. பிரிட்டனில் 1992இல் பிரிஸ்டலில் தொடங்கி எட்.டி. வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் போனது.

இரண்டு பக்கத்திலும் ஓட்டை உண்டு. புதிய அறிவு என்ற அளவுகோலை ஒரே ஆள் எழுதும், மூன்று நான்கு ஆண்டில் முடிய வேண்டிய வேலையின் மேல் வைத்தால், ‘புதிது’ என்பது யாரும் இன்னும் எடுக்காத மாவட்டம் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். நடைமுறை ஆய்வேட்டிலோ, தன் பள்ளியைத் தானே ஆராய்பவர் அங்கே அதிகாரமும் உடையவர் என்பதால், கீழே வேலை செய்பவர்கள் அவரிடம் உண்மையைச் சொல்வார்களா என்ற ஐயம் தீருவதில்லை.

இந்தியாவில்: விதியே வழிகாட்டி

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த இரட்டைப் பாதை வேரூன்றவில்லை. எம்.எட். படிப்பு 1936இலும் கல்வியியலின் முதல் பிஎச்.டி. 1943இலும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வந்தன என்பது பாடநூல்கள் தரும் வரலாறு. பள்ளித் தலைமையாசிரியரும், கல்வியியல் கல்லூரிப் பேராசிரியராக விரும்புபவரும், ஆய்வையே வாழ்க்கையாகக் கொள்பவரும் ஒரே பட்டத்துக்கு, ஒரே வடிவ ஆய்வேட்டைத்தான் எழுத வேண்டும். 1964–66 கோத்தாரிக் குழு கல்வி ஆய்வு துறைகளைக் கடந்து குழுவாகச் செய்யப்பட வேண்டும் என்றது. தனிஆள் ஆய்வேடு என்ற அமைப்பு அதற்கு இடம் தரவில்லை. பரோடாவில் எம்.பி. புச் 1974இல் முதல் தொகுதியை வெளியிட்டுத் தொடங்கிய கல்வி ஆய்வுத் தொகுப்புகளில் இந்தப் பட்டத்துக்காக எழுதப்பட்டவற்றைத் துறைவாரியாகக் காணலாம். அளவீட்டு முறையில் ஒரே வகை வினாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற குறையை அத்தொகுப்புகளைப் படித்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

தரம் குறைகிறது என்ற புகாருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பதில், விதிகளை இறுக்குவது. 2009 விதிமுறைகள் நுழைவுத் தேர்வையும் குறைந்தது ஒரு பருவம் நடக்கும் பாடநெறியையும் (ஆய்வாளர் வாயில் ‘கோர்ஸ் ஒர்க்’) கட்டாயமாக்கின. ஆய்வேட்டைத் தருமுன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்றன. 2016 விதிமுறைகள் கால அளவைக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு என வரையறுத்தன. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களுக்கு மேல் வழிகாட்டக் கூடாது என்றன. 2018இல் கருத்துத் திருட்டுக்கான விதிமுறைகள் வந்தன. 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று அவை படிவைத்தன.

2022 நவம்பரில் வந்த விதிமுறைகள் சிலவற்றை இறுக்கி, சிலவற்றைத் தளர்த்தின. எம்.பில். நிறுத்தப்பட்டது. கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. பகுதிநேர ஆய்வுக்கு விரிவான நெறிமுறை கிடைத்தது. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தர வேண்டும். பணிக்கு நடுவே ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி ஒரு வாக்குறுதி எழுத்தில் இருப்பது பெரிய விஷயம்தான். ஓராசிரியரோ ஈராசிரியரோ நடத்தும் பள்ளியில் அதை எப்படி நிறைவேற்றுவது என்று விதி சொல்லவில்லை.

கட்டுரைக் கட்டாயத்தின் கதை தனியே கவனிக்கத்தக்கது. தரத்துக்காக வந்த விதி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குச் சந்தையை உண்டாக்கியது. அந்தச் சந்தையை அடக்க ‘கேர்’ என்ற அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. ஒரு விதி, அதன் விளைவைத் திருத்த இன்னொரு விதி, கடைசியில் இரண்டும் இல்லை. ஆய்வேடு என்பது நடைமுறையைக் கடப்பதே என்ற விடை எங்கே போய் முட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தமிழ்நாட்டில் கல்வியியல் ஆய்வுக்குச் சென்னை, பாரதியார், பாரதிதாசன், அழகப்பா பல்கலைக்கழகங்களின் துறைகளும், 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும், சைதாப்பேட்டை, விலிங்டன் சீமாட்டி போன்ற பழைய கல்லூரிகளும் இடம் தருகின்றன. ஆய்வாளர் கடக்கும் படிகள் பெரிதும் ஒன்றே: நெறியாளர், பதிவு, பாடநெறித் தேர்வு, ஆறு மாதத்துக்கொரு முறை டி.சி. எனப்படும் ஆலோசனைக் குழுக் கூட்டம், சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, இரண்டு வெளித் தேர்வாளர்களின் அறிக்கை, எல்லோரும் வந்து கேட்கக்கூடிய ‘வைவா’ எனும் வாய்மொழித் தேர்வு.

கருவி என்ற கண்ணி

இந்தப் படிகளில் விதிகள் மிகக் குறைவாகப் பேசுவதும், ஆய்வின் தலைவிதியை மிகுதியாகத் தீர்மானிப்பதும் ஒன்றுதான்: என்ன கேட்பது, எதைக்கொண்டு அளப்பது. தமிழ்நாட்டுக் கல்வியியல் ஆய்வேடுகளில் பெருவழக்கான தலைப்பு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பைத் தேடுவது. மேல்நிலை மாணவர்களின் சாதனை ஊக்கத்துக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு, அதுவும் ஒரு மாவட்டத்தில். கருதுகோள்கள் பால், இருப்பிடம், பள்ளி நிர்வாகம், பயிற்றுமொழி என்று பிரியும். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்ற வாக்கியம் பத்துப் பதினைந்து முறை வரும். டி-சோதனை, எஃப்-சோதனை அட்டவணைகள் அதைத் தொடரும். ஐந்து இயல்களும் இந்த அச்சில் தாமே வந்து விழும்.

இந்த முறையில் வெளிப்படையான பிழை ஏதும் இல்லை. குழுவிடம் விளக்குவது எளிது, முடிக்கும் காலமும் முன்கூட்டியே தெரியும். பகுதிநேர ஆய்வாளருக்கு அது சிறிய நன்மையன்று. ஆனால் இதே ஆய்வைத் திருவள்ளூர் மாவட்டத்தில் செய்து, மாதிரியில் பழவேற்காட்டுப் பகுதிப் பள்ளியும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அங்கத்திய பிள்ளை முதலில் ‘கிராமப்புறம்’ என்ற கட்டத்துக்குள் போவார். நெல்வயல் ஊர்ப் பிள்ளையும் ஏரிக்கரைப் பிள்ளையும் அதில் ஒன்று. தீவுபோல நீர் சூழ்ந்த பசியாவரத்தில் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் நெடுங்காலம் படகில்தான் மறுகரைக்குப் போய்வந்தார்கள் என்பது அட்டவணையில் எங்கும் தெரியாது.

அடுத்து வருவது சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் அளவுகோல். கிராமப்புறத்துக்கு என்று உதய் பரீக்கும் ஜி. திரிவேதியும் 1964இல் உருவாக்கிய அளவுகோல் இன்றும் ஆய்வேடுகளில் எடுத்தாளப்படுவது. அதில் சாதி, குடும்பத் தலைவரின் தொழில், கல்வி, சமூகப் பங்கேற்பு, நிலம், வீடு, உழவுக்கான மாடு-இயந்திர வலிமை, பொருள்கள், குடும்ப வகை என ஒன்பது கூறுகள். வேளாண் குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. படகும் வலையும் வைத்து ஏரியில் வசதியாகத் தொழில் செய்யும் குடும்பத்துக்கு நிலம் இருக்காது, உழவுமாடும் இருக்காது. இரண்டு வரியிலும் பூஜ்யம் விழும். கருவியின் நம்பகத்தன்மைக்குக் க்ரோன்பாக் ஆல்ஃபா மதிப்பு எவ்வளவு உயர்வாக வந்தாலும் இந்தக் குறை சரியாகாது. ஒரே தவற்றைச் சீராகச் செய்யும் கருவியும் நல்ல ஆல்ஃபா காட்டும்.

நகர்ப்புறத்துக்கான குப்புசாமி அளவுகோலுக்குப் போனால் ‘குடும்பத்தின் மாத வருமானம்’ வந்து நிற்கிறது. ஏரி முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடி இடங்கள் ‘பாடு’ எனப்படுகின்றன. பாட்டுரிமை உள்ள குடும்பங்கள் முறைவைத்து அங்கே வலையிடுகின்றன. முறை வரும் நாளில் இறால் நன்றாக விழுந்தால் ஒரு கணக்கு. முறை இல்லாத நாளில் வேறு. முகத்துவாரம் மணல் தூர்ந்து கடல்நீர் வரத்து குறைந்தால் முற்றிலும் வேறு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் ‘மாத வருமானம்’ என்ற கேள்விக்குத் தரப்பட்ட கட்டங்களில் ஒன்றில் டிக் போடுகிறார் என்றால், எந்த மாதத்தை நினைத்துப் போட்டார் என்று ஆய்வேடு கேட்பதில்லை.

‘பெற்றோர் தொழில்: மீன்பிடி’ என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. பாடு முறை பெரிதும் பட்டணவர் சமூகத்தின் பரம்பரை உரிமை. அந்த உரிமைக்கு வெளியே தலித் மீனவர்களும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் இதே நீரில் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியை வாயால் கவ்விக்கொண்டு வேலை செய்வது ஏரியை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்த காட்சி. மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளி வருகையில், வீட்டில் படிக்கும் நேரத்தில், மேற்படிப்பு எண்ணத்தில் வேறுபாடு இருக்கக்கூடும். ஒரே கட்டத்தில் அடைத்துச் சராசரி எடுத்தால் அது காணாமல் போகும்.

இவை தெரியாத தகவல்களும் அல்ல. செபஸ்டியன் மேத்யூ பழவேற்காட்டுப் பாடு முறை குறித்து எழுதிய ஆய்வை உணவு வேளாண் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. கோரமண்டல் கரை மீனவர் பஞ்சாயத்துகளைப் பற்றி மார்ட்டென் பாவிங்கின் நூல் 2001இல் வந்தது. மாறும் ஏரிச் சூழலுக்குப் பாட்டுரிமை உள்ளவர்களும் இல்லாதவர்களும் எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்று சாரா கோல்தார்டு 2008இல் எழுதினார். இவை மீன்வளம், மானிடவியல், சூழலியல் அலமாரிகளில் இருக்கின்றன. கல்வியியல் ஆய்வேட்டின் இரண்டாம் இயல், ‘முன்னாய்வுகள்’, தன் மாறியின் பெயரைத் தலைப்பில் கொண்ட ஆய்வுகளைத் தேடுவதால் அந்த அலமாரிப் பக்கம் போவது அரிது. முன்னாய்வு இயலைத் தலைப்பை ஒட்டி எழுதாமல் களத்தை ஒட்டி எழுதினாலே பாதிச் சிக்கல் குறையும் என்று சொல்ல இடமுண்டு.

வேறு வழிகள்

புள்ளிவிவர அச்சுக்கு மாற்றாக மூன்று பாதைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்று இனவரைவியல். பத்மா சாரங்கபாணி டெல்லியை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியில் நீண்டகாலம் இருந்து எழுதியது 2003இல் நூலாக வந்து, இத்தகைய ஆய்வு இந்தியாவிலும் இயலும் என்று காட்டியது. அதற்கு வேண்டிய காலமும் விடுப்பும் எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் தடை.

இரண்டாவது, வீட்டிலும் தொழிலிலும் புழங்கும் அறிவிலிருந்து தொடங்குவது. பிரேசிலில் நூனெஸ், ஷ்லீமன், கராஹர் மூவரும் 1993இல் வெளியிட்ட நூலில் தெருவோரச் சிறுவர்களோடு மீனவர்களும் வருகிறார்கள். அதிகம் படிக்காத அந்த மீனவர்கள் விகிதக் கணக்குகளை மனத்தாலேயே போட்டார்கள். பழவேற்காட்டில் இதற்கு இணையான வினா கையருகே இருக்கிறது: பாட்டு முறையில் யாருக்கு எந்த நாள் என்று கணக்கிடுவதும், பிடிபட்டதைப் பங்கு பிரிப்பதும், வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதும் பள்ளிக் கணக்குப் புத்தகத்தோடு எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் தமிழ்நாட்டுக் கடலோர மீனவர்களுக்காக நடத்திய முறைசாரா வயது வந்தோர் கல்வி முயற்சி, மீனவர் வாழ்க்கையையே பாடப்பொருளாக வைத்தது. கல்வி ஆய்வாளருக்கு அது நல்ல முன்னோடி. ஆனால் இந்தப் பாதையில் ஓர் ஆபத்து உண்டு. மீனவர் அறிவைப் போற்றும் வேகத்தில், பிள்ளைகள் அந்தத் தொழிலைவிட்டு வெளியே போக விரும்பினால் அதற்குப் பள்ளி என்ன செய்கிறது என்ற வினா பின்னால் தள்ளப்படலாம்.

மூன்றாவது செயலாய்வு. ஸ்டீபன் கோரே 1953இல் பள்ளிகளுக்காக வாதிட்ட இந்த முறை, தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சியில் பாடமாக இருந்தும், முனைவர் ஆய்வேடாக ஏற்கப்படுவதில் தயக்கம் நீடிக்கிறது. ஒரு வகுப்பில் கிடைத்ததைப் பொதுமைப்படுத்த முடியாது என்பது குழுக்களின் வாதம். அது சரியே. ஆனால் மாவட்டச் சராசரியை ஒரு வகுப்பறைக்குப் பொருத்த முடியாது என்பதும் அதே அளவு சரி.

நெறியாளரும் காலமும்

ஆய்வேடு பாதியில் நிற்பதற்கு யார் காரணம் என்பதிலும் இரண்டு நிலைப்பாடுகள். ஆய்வாளரின் முனைப்புக் குறைவு என்பது பழைய விளக்கம். பார்பரா லோவிட்ஸ் 2001இல் அமெரிக்க நிலவரத்தை ஆராய்ந்து, சேருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியேறுவதைச் சுட்டி, விலகுபவர்களும் முடிப்பவர்களும் திறமையில் பெரிதும் வேறுபடவில்லை, துறைகள் அவர்களை நடத்தும் விதமே வேறுபடுகிறது என்று வாதிட்டார். இந்த விளக்கத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே முழுநேர ஆய்வாளர் மிகுதி. இங்கே ‘பார்ட் டைம்’ ஆசிரியர் மிகுதி. நெறியாளர் ஓய்வு பெறுவதோ இடம் மாறுவதோ இங்கே பெரிய இடையூறு. பணிக்காலம் மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது என்ற 2022 விதி அதை ஓரளவு முன்கூட்டியே பார்த்திருக்கிறது.

கள அனுமதியும் காலத்தைத் தின்னும். அரசுப் பள்ளிக்குள் நுழைய முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மீனவ ஊரில் வீடுகளுக்குள் போய்ப் பேச ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமும் வேண்டியிருக்கும் என்பது முறையியல் பாடத்தில் வருவதில்லை. 2019 முதல் பாடநெறியில் இரண்டு மதிப்பெண் அலகாகச் சேர்ந்த ஆய்வு நெறிமுறைப் பாடம் பதிப்பு, திருட்டு பற்றி விரிவாகப் பேசுகிறது. பிள்ளைகளிடமும் அவர்கள் ஊரிடமும் சம்மதம் கேட்பது பற்றிப் பேச அதில் இடம் சிறிது.

தீராதவை

வாய்மொழித் தேர்வு பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. தேர்வாளர்களின் அறிக்கைகள் சாதகமாக வந்த பிறகே அது நடப்பதால், தீர்ப்பு மாறுவது அரிது.

பகுதிநேரப் பாதை தெளிவானதால் களத்தை உள்ளிருந்து அறிந்த ஆசிரியர்கள் கூடுதலாக வருவார்களா, அதே அச்சு ஆய்வேடுகள்தான் பெருகுமா என்று சொல்ல 2022க்குப் பிறகு போதிய காலம் ஆகவில்லை. கட்டுரைக் கட்டாயம் நீங்கியதன் விளைவும் அப்படியே. தொழில்முறைக் கல்வியாளருக்குத் தனிப்பட்டம் வேண்டுமா என்ற பேச்சு இங்கே இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. ஹார்வர்டே 2010இல் கல்வித் தலைமைக்கென வேறொரு முனைவர் பட்டத்தைத் தொடங்கியதைப் பார்த்தால், பட்டத்தின் பெயரை மாற்றுவது மட்டும் விடையாகும் என்று தோன்றவில்லை. மொழிச் சிக்கலும் உண்டு. தமிழில் எழுத வழியிருந்தும் கல்வியியல் ஆய்வேடுகள் பெரிதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சோத்கங்கா மின்தொகுப்பில் சேர்கின்றன. தகவல் தந்த பள்ளிக்கும் ஊருக்கும் முடிவைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கடமை எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு குறையும் இருக்கிறது. அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் முனைவர் பட்டப் பதிவுகளையும் வழங்கிய பட்டங்களையும் தனித்தனியே எண்ணுகிறது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து, எத்தனை பேர் எந்தப் படியில் நின்றார்கள் என்று காட்டுவது அதன் வேலையன்று. லோவிட்ஸ் எழுப்பிய வினாவை இங்கே கேட்க வேண்டுமானால், பல்கலைக்கழகங்கள் தங்கள் டி.சி. கூட்டப் பதிவேடுகளிலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.